வால்வு மாறும் இடம்

பாரூக்கின் கார் சிறுமலைப் பாதையில் பதினோராவது வளைவுத் தடுப்புச் சுவரில் போய் மோதிவிட்டது என்ற செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தது. போனை எடுத்தவள் ரீனா. மேட்டுப்பட்டியில் அந்த வீட்டில் இரண்டு வருசமாகவே போன் அடித்தால் எடுக்கிறவள் அவள்தான். அவள் கணவன், மெக்கானிக் ஸ்தனிஸ்லாஸ் பின்வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். ஐப்பசி மழை விடிய விடியப் பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

“ஏங்க, பாரூக் தம்பி நேத்துச் சாயந்தரம் மலையிலருந்து இறங்கிட்டு மறுபடி ஏதோ வேலைன்னு ஏறுச்சாம். பதினோராவது வளைவுல வண்டி சுவத்துல மோதிருச்சாம். தோள்பட்டை எலும்பு விட்டுப்போச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல.”

அவனுக்குப் பாரூக் என்பதும் மலை என்பதும் விளங்கின. மீதியை அவள் முகத்தில் படித்தான்.

“எந்த வளைவு?”

“அதான் சொன்னேன்ல. பதினொண்ணு.”

வாய் கொப்பளித்தான். துண்டை எடுத்தான், முகம் துடைக்காமலே தோளில் போட்டான். கோயிலுக்குப் போக ரீனா எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை கட்டிலில் கிடந்தது. அதைத் தாண்டிப் போய்ப் பட்டறைச் சட்டையை மாட்டிக்கொண்டான். காப்பியைக் கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தவன் அதை மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பேகம்பூரில் பாரூக்கின் வீடும் தோல் பதனிடுகிற ஷாப்பும் அடுத்தடுத்து. மழையில் ஊறிய தோல் வாடை தெருமுனையிலேயே வந்து கவ்வியது. பாரூக்குக்கு இருபத்தெட்டு வயது. சிறுமலையில் அவர்களுக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டம் உண்டு. தோட்டத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாரம் ஒருமுறை மலையேறுவான். உண்மையில் அவன் போவது வளைவுகளுக்காக. இடது தோளைச் சேர்த்துக் கட்டுப் போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தான்.

“வாங்கண்ணே. ஒண்ணும் பதறாதீங்க. தப்பு எம்மேலதான். பாதையெல்லாம் ஈரம், வாழையிலைச் சருகு வேற ஒட்டிக் கெடந்துச்சு. வளைவுல ஆக்சிலேட்டர மிதிச்சேன். திடுக்குன்னு ஒரு இழுப்பு இழுத்துச்சு பாருங்க, முன் சக்கரம் வழுக்கி நேராச் சுவத்துக்குப் போயிருச்சு. நான்தான் மிதிச்சிருக்கப்படாது.”

“திடுக்குன்னு இழுத்துச்சா?”

“ஆமாண்ணே. அதுதான நீங்க வச்சுக் குடுத்த இழுவை.” சிரிக்கப் போனவன் தோள் வலியில் முகம் சுளித்தான். “அதைச் சொல்லிக் குத்தமில்ல. எனக்குத்தான் கை பத்தல.”

ஸ்தனிஸ்லாஸ் எழுந்து போய், தோல் ஷாப் முற்றத்தில் நிறுத்தியிருந்த காரைப் பார்த்தான். முன்பக்கம் ஒருபுறம் அமுங்கி, விளக்கு உடைந்து, மட்கார்டு சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து குனிந்தான். டாஷ்போர்டுக்கு அடியில் தன் கையால் பொருத்திய சின்னக் கறுப்புப் பெட்டி அப்படியே இருந்தது. அதன் திருகு ஐயாயிரத்து அறுநூறில் நின்றது. பார்க்காமலே அது அவனுக்குத் தெரியும்.

அந்த இன்ஜினை ஊரில் விடெக் என்பார்கள். அதற்குள் வால்வைத் தள்ளித் திறக்கிற கேம் இரண்டு விதமாக உண்டு. மெதுவாகப் போகிறபோது வால்வுகள் கொஞ்சமாகத் திறக்கும். வேகம் ஏறியதும் ஆயிலின் அழுத்தத்தில் உள்ளே ஒரு சின்ன இரும்புப் பின் நகர்ந்து கோத்துக்கொள்ளும். அதன்பின் வால்வுகள் ஆழமாகத் திறந்து நிறையக் காற்றை இழுக்கும். நடக்கிறவன் மூச்சு ஒன்று, ஓடுகிறவன் மூச்சு ஒன்று என்று ஸ்தனிஸ்லாஸ் சொல்வான். நிமிசத்துக்கு எத்தனை சுற்று ஓடும்போது மூச்சு மாற வேண்டும் என்பதைக் கம்பெனியே முடிவு செய்து அனுப்பும். கோயம்புத்தூர் சிநேகிதன் ஒருவன் கொடுத்தான் என்று, அந்த இடத்தை முன்னே பின்னே தள்ளி வைக்கிற பெட்டியைப் புரட்டாசியில் பாரூக் கொண்டுவந்திருந்தான்.

மாறுகிற இடம் சரியாக அமைந்தால் உட்கார்ந்திருக்கிறவன் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு இழுவை முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கிவிடும். காதுக்கு மட்டும்தான் தெரியும், இன்ஜின் குரல் மாறுவது. முன்பெல்லாம் பட்டறையின் மறுகோடியில் நின்றே அதைப் பிடித்துவிடுவான். இந்த முறை நாலாயிரத்து ஐந்நூறில் வைத்து ஓட்டினான். காதுக்குள் இரண்டு வருசமாக இரைகிற இரைச்சல்தான் கேட்டது. ஐயாயிரத்துக்கு ஏற்றினான், கேட்கவில்லை. ஐயாயிரத்து அறுநூறில் வைத்தபோது இன்ஜின் ஒரு கணம் தொய்ந்து, பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் சாடியது. இதோ மாறிவிட்டது என்று நிம்மதியாகத் திருகை முடுக்கினான். பாரூக்குக்கும் அந்தச் சாட்டம் பிடித்துப்போய்விட்டது.

உடம்புக்குத் தெரிந்தது என்றால் தப்பான இடம் என்று பிறகுதான் யோசித்தான். அன்று சாயந்தரமே யோசித்தான். கேட்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டான்.

அடுத்த மூன்று நாளும் அவன் ஓரிடத்தில் நிற்கவில்லை. வத்தலக்குண்டு ரோட்டுப் பட்டறையில் ஒரு ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தான். இரண்டு தடவை பேகம்பூர் வரைக்கும் போய்த் தெருமுனையில் திரும்பி வந்தான். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்தான்.

“என்னன்னு சொன்னாத்தான தெரியும்?” என்றாள் ரீனா.

“இருக்கு” என்றான் அவன். தூக்கில் சாப்பாடு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டதாக நினைத்துக்கொண்டான்.

அவள் ஒரு நிமிசம் அவனையே பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை சாயந்தரம் மழை மறுபடி பிடித்தது. ரீனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பருப்பை அடுப்பில் ஏற்றியிருந்தாள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் அவள். மாடியில் துணி நனைகிறது என்று ஓடும்போது, “மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க” என்று விரலையும் காட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். ஸ்தனிஸ்லாஸ் முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். மேலே துணியைக் கூரைக்கடியில் மாற்றிப் போட்டு, ஈரத்தைப் பிழிந்து, அவள் இறங்கி வரும்போது சமையல்கட்டு முழுக்கத் தீய்ந்த வாடை. குக்கர் வீறிட்டுக்கொண்டிருந்தது. அவன் அதற்கு எதிரே குக்கரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

பாய்ந்து போய் அடுப்பை அணைத்தாள். “ஏழு விசில் எண்ணிட்டேன் நான் மாடியில இருந்தே. அப்பிடி என்ன ரோசனை?”

“இன்னும் ஒண்ணுகூட வரலையே ரீனா” என்றான்.

சொன்ன பிறகு அவனுக்கே விளங்கிவிட்டது. அவளுக்கும். மூடியின் மேல் ஆவி போய்க்கொண்டே இருந்தது. அவள் ஈரக் கையோடு அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“காது கேக்கலையா?”

அவன் தலை குனிந்துகொண்டான். அவள் அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“எம்புட்டு நாளா?”

“ரெண்டு வருசம் இருக்கும். மொதல்ல சைக்கிள் பெல்லு கேக்கல. பெறகு போனு. ஆம்பளையாளு பேச்சு ஓரளவு பிடிபடும். உம்பேச்சு பாதிதான் வருது. மிச்சத்த நானே கோத்துக்கிருவேன்.”

“ரெண்டு வருசமா நான் சொல்றதுக்குப் பாதிக்கு நீங்க பதிலே சொல்றதில்ல” என்றாள் ரீனா. வாய் கோணியது. “நம்ம மேல வெறுத்துப்போச்சு போலன்னு நெனச்சேன். பிள்ளையில்லாத வீடு, அலுத்துப்போச்சாக்கும்னு. அம்மாகிட்டக்கூடச் சொல்லல. ஸ்கூல் பாத்ரூமுல போய் எத்தன தடவ அழுதுட்டு வந்திருக்கேன் தெரியுமா?”

அவள் சொன்னதில் ஒரு சொல் விடாமல் அவனுக்குக் கேட்டது. முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் இருந்து சொன்னாள்.

“அய்யோ” என்றான். “அப்பிடியெல்லாம் இல்லடி.”

“என்னட்டயாச்சும் சொல்லக்கூடாதா?”

“காது போன மெக்கானிக்குன்னு தெரிஞ்சா எவன் வண்டி விடுவான்? ஒருத்தருக்குச் சொன்னா ஊருக்கே சொன்னாப்புல. உங்கிட்டச் சொன்னா, நீ என்னைப் பாக்குறப்பல்லாம் எனக்கு அதுதான் தெரியும்.” அடுப்புப் பக்கம் திரும்பினான். “ரீனா, பாரூக்கு சுவத்துல மோதுனது அவன் தப்பில்ல.”

சொல்லி முடிக்கிறவரை அவள் குறுக்கே பேசவில்லை. நடக்கிற மூச்சு, ஓடுகிற மூச்சு, ஐயாயிரத்து அறுநூறு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கருகிய குக்கரைத் தூக்கித் தொட்டியில் போட்டாள்.

“கெளம்புங்க. இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்.”

“மழ பெய்யுது.”

“பெய்யட்டும்.”

“மொதல்ல அந்தத் திருகைச் சரியா வச்சுட்டு, பெறகு பதவிசாச் சொல்லிக்கிறலாம்னு—”

“எதை வச்சுச் சரியா வப்பீங்க?” என்றாள். அவன் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

பாரூக்கின் அம்மா பக்ருன்னிசா கதவைத் திறந்து, நனைந்து நிற்கிற இருவரையும் பார்த்துத் துண்டு கொடுத்தார். டீ வந்தது. ஸ்தனிஸ்லாஸ் டம்ளரைத் தொடாமல், பாரூக்கின் கட்டுப் போட்ட தோளைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். காதைச் சொன்னான். சந்தேகம் வந்த பிறகும் சொல்லாமல் விட்டதையும் சொன்னான்.

பாரூக் மெதுவாகப் பேசினான். ஆனால் உதடு அசைவது அத்தனை தெளிவாகத் தெரிந்தது.

“போன வாரம் இதே வண்டியில அம்மாவ மலைக்குக் கூட்டிட்டுப் போனேண்ணே. அன்னிக்கும் மழதான்.”

“தெரியும் தம்பி.”

“தெரிஞ்சா சும்மா இருந்தீங்க?”

ஸ்தனிஸ்லாஸுக்கு எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை. பக்ருன்னிசா வாசல்படியில் நின்று சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். பிள்ளையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க போயிட்டு வாங்கண்ணே” என்றான் பாரூக், சுவரைப் பார்த்துக்கொண்டு.

போயிட்டு வாங்க என்பது வரச்சொல்லியா, வராதே என்றா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான். வண்டியில் பின்னால் இருந்த ரீனாவிடம் கேட்டதற்கு, எனக்கும் தெரியலை என்று அவள் அவன் முதுகில் கையால் தட்டிக் காதோரம் குனிந்து சொன்னாள்.

மூன்று வாரம் பேகம்பூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. இடையில் ரீனா லீவு போட்டு அவனை மதுரைக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவன் விரல் பொத்தான்மேல் காத்தே கிடந்தது. பட்டறை இரைச்சலில் நரம்பு தேய்ந்துவிட்டது, போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், மெஷின் வைத்தால் பேச்சு விளங்கும் என்றார் டாக்டர். இன்ஜின் சத்தம் விளங்குமா என்று கேட்டான். அவர் யோசித்து, அது பழையபடி இருக்காது என்றார். மெஷின் வர ஒரு மாதம் ஆகும்.

பட்டறைக்கு வருகிறவர்களிடம், “காது மந்தம், முகத்தைப் பாத்துப் பேசுங்க” என்று சொல்லத் தொடங்கினான். இரண்டு டாக்சிக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர், எங்க மாமாவுக்கும் அதேதான் என்று சொல்லி மாமா கதையை ஒரு மணி நேரம் கத்திச் சொல்லிவிட்டுப் போனார். அப்படியும் அவனுக்குக் கால் தரிக்கவில்லை. சாலையில் பாரூக்கினுடையதைப் போல் வெள்ளை நிறத்தில் கார் எது போனாலும் எழுந்து வந்து பார்த்தான்.

கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை அந்தக் கார் வந்தது. ஷாப் ஆள் ஓட்டிவர, பாரூக் பக்கத்து சீட்டில் தோள்கட்டோடு இருந்தான். முன்பக்கம் தட்டி எடுத்துப் பெயிண்ட் அடித்திருந்தது. இறங்கி வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றான்.

“கோவம் இன்னும் போகலண்ணே. அதை மொதல்ல சொல்லிருறேன்.”

“சரி தம்பி.”

“மதுரையில ஒருத்தருட்டக் காட்டுனேன். ஓட்டிப் பாத்துட்டு, பிரமாதமா வச்சிருக்காரு, எப்பிடிச் சாடுது பாருங்கன்னு சொல்றாரு. அந்தச் சாட்டந்தான் என்னையக் கொண்டுபோய் மோதவச்சுச்சு. அது தப்புன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். பெட்டியவே பிடுங்கிப் போட்டுருவமான்னும் நெனச்சேன். அம்மாதான், அந்தத் தம்பியே சரி பண்ணட்டும்னுச்சு. எப்பிடிப் பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியல.”

“எனக்கும் தெரியல” என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

வழி சொன்னவள் ரீனா. அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, அவன் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“மாறுற எடம் சரியா இருந்தா வண்டி வெரசா வேகம் எடுக்கும்ல?”

“எடுக்கும். முன்னாடி மாறுனாலும் இழுவை குறையும், பின்னாடி மாறுனாலும் குறையும்.”

“அப்ப கேக்கவும் வேணாம், முதுகும் சொல்ல வேணாம். நேரம் எடுப்போம். மூவாயிரத்துலருந்து ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மீட்டர் முள்ளு ஏற எத்தனை செகண்டு ஆகுதுன்னு. ஒவ்வொரு எடத்துலயும் வச்சுப் பாப்போம். எது கொறச்சலோ அது.”

அவன் சோற்றுக் கையோடு அவளையே பார்த்தான்.

“என்ன, கேக்கலையா?”

“கேட்டுச்சு. இது எனக்குத் தோணலையேன்னு பாக்குறேன்.”

ஞாயிற்றுக்கிழமை விடிகாலைப் பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். செம்பட்டி தாண்டி ஆத்தூர்ப் பக்கம் போகிற சாலையில் ஒரு நேரான இடம் அவனுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் நெல் வயல், அதற்கப்பால் தென்னந்தோப்பு. மழையில் அணை நிரம்பி வாய்க்காலெல்லாம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நாலு நாளாக வெயில் அடித்துச் சாலை காய்ந்திருந்தது. ரீனா முன்சீட்டில், பி.டி. மாஸ்டரிடம் இரவல் வாங்கிய ஸ்டாப் வாட்சும் கோடு போட்ட நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். பாரூக் பின்சீட்டில்.

ஸ்தனிஸ்லாஸ் இரண்டாம் கியரில் வைத்து முதலில் பழைய ஐயாயிரத்து அறுநூறிலேயே ஓட்டினான். முள் மூவாயிரத்தைத் தொட்டதும் ரீனா அமுக்கினாள். இன்ஜின் தொய்ந்து சாடிய இடத்தில் பின்னால் பாரூக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததைக் கண்ணாடியில் பார்த்தான்.

“அஞ்சு புள்ளி ஒம்போது செகண்டு” என்றாள். ஒரு தடவை எடுத்ததை அவள் நம்பவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று தடவை ஓட்டச் சொன்னாள். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, இடையில் ஒரு ஆட்டு மந்தை கடக்கக் காத்திருந்து, வயலுக்குப் போகிற பெண்கள் இவர்களுக்கு வேறு வேலையில்லையா என்று நின்று பார்க்க, ஒன்பது மணி வரைக்கும் அதுவே வேலையாக இருந்தது. ஐயாயிரத்து இருநூறில் கொஞ்சம் குறைந்தது. நாலாயிரத்து எண்ணூறில் இன்னும் குறைந்தது. நாலாயிரத்து நானூறிலும் கிட்டத்தட்ட அதே. நாலாயிரத்துக்கு இறக்கியபோது ஏறிவிட்டது.

ரீனா நோட்டில் புள்ளிகளை வைத்துக் கோட்டை இழுத்தாள். கோடு பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறியது.

“நாலாயிரத்து எண்ணூறுக்கும் நானூறுக்கும் நடுவுல. அறுநூறுல வைங்க.”

வைத்தான். வண்டியைத் திருப்பி நிறுத்தி, கியர் போட்டு, மிதித்தான்.

முள் ஏறியது. நாலாயிரம். நாலாயிரத்து அறுநூறு. அவன் முதுகும் உள்ளங்காலும் ஸ்டீயரிங் பிடித்த கையும் காத்துக்கொண்டிருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. ஐயாயிரம், ஆறாயிரம், ஆறாயிரத்து ஐந்நூறு. வயல் ஓடியது, தென்னைகள் ஓடின, ஒரு தொய்வில்லை, ஒரு தள்ளலில்லை. காதில் பழைய இரைச்சல் மட்டும். அந்த இரும்புப் பின் கோக்கவே இல்லையோ? ஆயில் போகவில்லையோ? காலை எடுத்து ஓரம் கட்டியதும் குனிந்தான், கை தானாகத் திருகுக்குப் போனது.

ரீனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தான்.

“தொடாதீங்க. மாறிருச்சு.”

“எனக்கு ஒண்ணுமே தெரியலையே.”

“தெரியக்கூடாதுன்னுதான சொன்னீங்க? அஞ்சு புள்ளி மூணு. காலையிலருந்து இதுதான் கொறச்சல்.”

“சத்தம் மாறுச்சா?”

“மாறுச்சு.”

அவன் பின்னால் திரும்பினான். கேட்கவே கூச்சமாக இருந்தது. “தம்பி, நீ கேட்டியா?”

பாரூக் கைப்பிடியை விட்டிருந்தான். அவன் ஸ்தனிஸ்லாஸின் முகத்தைப் பார்த்தான்.

“கேட்டேண்ணே. நல்லாக் கேட்டுச்சு. இத்தனை நாளும் இது இப்பிடித்தான் மாறணும்னு எனக்குத் தெரியாது.”

ஸ்தனிஸ்லாஸ் கையைத் திருகிலிருந்து எடுத்து மடியில் வைத்தான். இன்ஜினை அணைத்தான். வேறு யாரோ கேட்டுச் சொன்னதை நம்பி ஒரு வேலையை முடித்ததாக வைப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. பிறகு ஸ்பேனரை எடுத்துத் திருகின் பூட்டு நட்டை முடுக்கினான்.

“ரீனா, அது எப்பிடி இருந்துச்சு?”

“எது, சத்தமா?” அவள் கார்களைப் பற்றி ஒன்றும் அறியாதவள். சாலையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அவன் பக்கம் நன்றாகத் திரும்பிச் சொன்னாள். “நாகல் நகர்ல மாடி வீட்டுல குடியிருந்தோம்ல. நீங்க பட்டறையிலருந்து வரும்போது ஒவ்வொரு படியா ஏறி வருவீங்க. பாதியில என்ன தோணுமோ, ரெண்டு ரெண்டாத் தாவி ஏறுவீங்க. அப்பிடி இருந்துச்சு.”

அவன் கண்ணைத் துடைப்பதற்காக முகம் முழுவதையும் துண்டால் துடைத்தான்.

“செம்பட்டியில எதாச்சும் சாப்பிட்டுப் போவமாண்ணே?” என்றான் பாரூக், அவன் தோளைத் தொட்டுத் திருப்பி. “காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல.”

ஸ்தனிஸ்லாஸ் வண்டியைக் கிளப்பி மெதுவாக ஓட்டினான். எதிரே ஒரு கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது. ரீனா ஏதோ சொல்லத் தொடங்கினாள். சத்தம் மட்டும் வந்து சொல் வராததால் அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அவள் வாயைப் பார்க்கத் திரும்பினான்.

அவள் விரலை நீட்டி முன்னால் காட்டினாள்.

“ரோட்டப் பாருங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்.”